டோர்த்தியா சேர்த்த போஸ்காப்

கோபன்ஹேகனிலிருந்து ஒரு மனிதர் எங்கள் மோர்ஸ் தீவுக்கு வந்து ஒரு வாரம் தங்கினார். வழக்கொழிந்துபோன சொற்களைத் திரட்டுகிறாராம். அதற்கும் ஒரு சம்பளம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. "போஸ்காப் என்றால் என்ன?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். கேட்டால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

"சட்டி பானைதான், வேறென்ன?" என்றாள் ரொட்டிக்கடைக்காரி. கட்டில், பெட்டி, மெத்தை, மேஜை என்று சுவரோடு சேர்த்து ஆணி அடிக்காதது எல்லாமே போஸ்காப் என்றார் தச்சர். தொண்ணூறைத் தாண்டிய காது கேளாத நீல்ஸ், "எங்க தாத்தா காலத்துல மாடும் அதுல சேர்த்திதான். ஒரே கூரைக்குக் கீழதானே எல்லாரும் படுத்தோம்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். பாதிரியார் படித்தவர் அல்லவா, அவர் சொல்லைப் பிட்டு வைத்தார். முன்பாதிக்குக் குடியிருப்பது என்று பொருளாம். ஆகவே ஓரிடத்தில் குடியிருக்க ஒரு மனிதனுக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் போஸ்காப். மனிதர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

கடைசியாக அவரைத் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் டோர்த்தியாவின் வீட்டுக்கு அனுப்பினார்கள். தீவிலேயே அதிகமாகத் தட்டுமுட்டுச் சாமான் வைத்திருப்பவள் அவள்தான். செம்பும் வெள்ளீயமும் பித்தளையுமாக, நடக்கவே ஒற்றையடிப் பாதைதான் மிச்சமிருக்கும் வீடு. டோர்த்தியா கதவைப் பாதி திறந்து, அவர் கேள்வியைக் காதில் வாங்கி, "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிச் சாத்திவிட்டாள்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அவள் கதை நடந்தபோது பிறக்கவே இல்லை. மீதிப் பாதிக்கு மறந்துவிட்டது.

டோர்த்தியாவின் அப்பா நிலமில்லாத குடிசைக்காரர். அடுப்பெரிக்கச் சதுப்பில் கரி மண் வெட்டி வெட்டி நெஞ்சில் சளி கட்டி, ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். குடிசை பண்ணைக்குச் சொந்தம். அம்மாவும் மகளும் ஏழை விடுதிக்குப் போக வேண்டியதாயிற்று. அப்போது அவளுக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும். வீட்டிலிருந்த எல்லாவற்றையும் அம்மா ஒரு தள்ளுவண்டியில் ஏற்றினாள். ஒற்றைச் சக்கர வண்டி. ஓர் இரும்புச் சட்டி, மரக் கிண்ணங்கள், வைக்கோல் மெத்தை, ஒரு முக்காலி, அவ்வளவுதான். வண்டி நிரம்பக்கூட இல்லை.

வடக்குப் பண்ணை வாசலில் எஜமானியம்மா நின்றுகொண்டிருந்தாள். கெட்ட மனசுக்காரி என்று சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இதான் உங்க போஸ்காப்பா?" என்றாள். "இதுக்கு வண்டி எதுக்குடி? கையில எடுத்துட்டுப் போயிருக்கலாமே. ஒரு கடிகாரம்கூட இல்லியா? மணி தெரியாமலேவா இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனே?"

பண்ணையாட்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஏழைகளுக்கு அது ஒரு பழக்கம். டோர்த்தியா சிரிக்கவில்லை. தான் ஒரு வீட்டுக்குப் போகும் நாளில் தன் வண்டி வழிய வழியப் போக வேண்டும், இதே வாசல் வழியாகப் போக வேண்டும், இந்த அம்மா பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று அந்தக் குழந்தை அன்றைக்கே முடிவுகட்டிவிட்டது. குழந்தைகள் எதையாவது முடிவுகட்டினால் பெரியவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துத் தட்டிவிட வேண்டும். இவளுக்குத் தட்டிவிட ஆளில்லை. அம்மா விடுதியிலேயே செத்துப்போனாள்.

தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு முடிந்து, வேலைக்குப் போகும் வயது வந்ததும் அவள் அதே வடக்குப் பண்ணைக்கு வேலைக்குப் போனாள். கூலியில் ஒரு பங்கைக் கம்பளி மயிராகவும் ஆளி நாராகவும் கொடுப்பது அந்த நாள் வழக்கம். மற்ற பெண்கள் அதை விற்று ரிப்பன் வாங்கினார்கள், சந்தையில் ஆடினார்கள். டோர்த்தியா நூற்றாள், நெய்தாள், மடித்துப் பெட்டியில் வைத்தாள். வாத்துகளுக்கு இறகு பிடுங்கும் நாளில் மெத்தைக்கு இறகு கேட்டு மன்றாடினாள். எங்கே எந்த வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்தாலும் மரச்செருப்பு தேய நடந்து போய், ஒரு வெள்ளீயத் தட்டாவது ஒரு பித்தளை விளக்குத் தண்டாவது வாங்கிவந்தாள்.

அந்தப் பண்ணையில் குதிரை பார்த்துக்கொண்டவன் விஸ்தி. உயரமானவன், பல்வரிசை கோணல், எதற்கெடுத்தாலும் கிண்டல். அவனுக்கு எப்படி இந்தக் கடுகடுத்த முகம் பிடித்துப்போயிற்றோ, அது அவனுக்கே வெளிச்சம். இருவருக்கும் மோதிரம் மாற்றியாயிற்று. தரிசுமேட்டில் அவனுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கல்லைப் பொறுக்கி, புல்கட்டிகளை அடுக்கி, தன் கையாலேயே ஒரு வீடு எழுப்பினான். டோர்த்தியாவின் சாமான்கள் பண்ணைப் பெட்டியில் கொள்ளாமல் போகவே விஸ்தியின் தங்கை ஸ்டீனாவின் வீட்டுப் பரணில் ஏறின. ஸ்டீனா தையற்காரி, பட்டணத்துச் சாலையில் குடியிருந்தாள்.

எங்கள் பக்கம் வேலைக்காரர்கள் பண்ணை மாறுவது மே முதல் தேதியும் நவம்பர் முதல் தேதியும்தான். ஒவ்வொரு மாறுநாளுக்கும் முன்னால் விஸ்தி கேட்பான்.

"இந்த நவம்பர் வந்துடறியா?"

"மெத்தை ரெண்டுதான் ஆயிருக்கு."

"ரெண்டு பேருக்கு ரெண்டு மெத்தை. சரியாத்தானே இருக்கு?"

"விருந்தாளி வந்தா?"

"நம்ம வீட்டுக்கு எந்த ராஜா வரப்போறான்? வந்தா மாட்டோட படுக்கட்டும்."

"உனக்கு எல்லாமே விளையாட்டு."

"நீ சேக்கிற வேகத்துக்கு நான் அரண்மனைதான் கட்டணும். இருக்கிற வீட்டுல இதையெல்லாம் வச்சா நாம ரெண்டு பேரும் வெளியிலதான் நிக்கணும், டோர்த்தியா."

ஒரு தடவை மட்டும் அவன் சிரிக்காமல் சொன்னான். கிணற்றடியில், அவள் வாளி இறைத்துக்கொண்டிருந்தபோது. "எனக்குப் போஸ்காப்னா என்ன தெரியுமா? நீ அடுப்புகிட்ட நின்னு என்னைத் திட்டிட்டு இருக்கணும். அந்தச் சத்தம் வந்துட்டாப் போதும், மத்த சாமானெல்லாம் தானா வந்து சேரும்."

அவள் அதற்கும் திட்டினாள். ஆனால் அன்று முழுவதும் உள்ளுக்குள் பூரித்துப்போய்த்தான் இருந்தாள். பிறகு செம்புக் கெட்டில் ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டதும் மறுபடி தள்ளிப் போட்டாள். கெட்டிலுக்குப் பிறகு திரைச்சீலை. திரைச்சீலைக்குப் பிறகு வாஃபிள் அப்பம் சுடும் இரும்பு. விஸ்தி தரிசுமேட்டில் தனியாக ஒரே கிண்ணத்தில் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு, கல் பொறுக்கிக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டே இருந்தான்.

கடைசியில் ஒரு மே மாதத்துக்கு அவள் சரி என்றாள். பாதிரியார் கோவிலில் கல்யாண ஓலையும் வாசித்துவிட்டார். எல்லாம் சேர்ந்துவிட்டது, நிலைக்கடிகாரம் ஒன்றைத் தவிர. அதையும் அக்கரையில் ஒரு விதவையிடம் பேசி முடித்திருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் படகில் வந்துவிடும்.

எங்களிடம் அந்த முந்தின நாள்தான் பெரிய நாள். மாப்பிள்ளை இரண்டு குதிரை பூட்டிய வண்டியோடு வந்து மணப்பெண்ணையும் அவள் போஸ்காப்பையும் ஏற்றிக்கொண்டு போவான். குறுக்குவழி இருந்தாலும் போகமாட்டான். ஊரைச் சுற்றிப் போகும் நீளமான சாலையில், ஒவ்வொரு பண்ணை வாசலையும் தாண்டிப் போக வேண்டும். பண்ணைகளில் கொடி ஏற்றியிருப்பார்கள். பெண்கள் வாசலில் நின்று மெத்தை எத்தனை, செம்பு எத்தனை என்று கண்ணாலேயே எடை போடுவார்கள். பின்னால் ஒரு வருஷத்துக்கு அதுதான் பேச்சு.

விஸ்தி மாவு ஆலைக்காரரிடம் வண்டியும் குதிரைகளும் இரவல் வாங்கி, பிடரியில் பச்சை இலை கட்டி, காலையிலேயே ஸ்டீனா வீட்டு வாசலில் வந்து நின்றான். வாயெல்லாம் பல். பரணிலிருந்து மெத்தைகள் இறங்கின. பாதி ஏற்றியாயிற்று. கடிகாரம் மட்டும் வரவில்லை. இரண்டு நாளாகக் கடற்காற்று கிளம்பிப் படகு ஓடவில்லை என்று ஒருவர் வந்து சொன்னார்.

டோர்த்தியா சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானமாயிற்று.

"அண்ணி, கிளம்புங்க. குதிரைங்க நின்னு நின்னு சலிச்சுப் போச்சு" என்றாள் ஸ்டீனா.

"கடிகாரம் வரட்டும்."

"காத்து நின்னாத்தான் படகு. காத்துக்கு உங்க கல்யாணம் தெரியுமா?"

விஸ்தி அருகில் வந்தான். "இப்ப போயிடலாம். காத்து அடங்கினதும் நானே படகுத்துறைக்குப் போயி கடிகாரத்தைத் தோள்ல சுமந்துட்டு வந்துடறேன். ஒண்ணும் ஆகாது."

"நாளைக்கு நீ சுமந்துட்டு வந்தா அதை யார் பார்ப்பாங்க?"

சொன்னவளுக்கே அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. விஸ்திக்கு விழுந்தது.

"இதெல்லாம் நமக்குன்னு நெனைச்சேன்" என்றான்.

"நமக்குத்தான். ஆனா இப்படிக் குறையோட நான் வடக்குப் பண்ணை வாசலைத் தாண்ட மாட்டேன். நவம்பர்ல வச்சுக்கலாம். இத்தனை நாள் பொறுத்தே, இன்னொரு அரை வருஷம் பொறுக்க மாட்டியா?"

ஒற்றைக் காலில் நின்றாள். ஸ்டீனா கெஞ்சினாள், பிறகு கத்தினாள். சாமான் ஏற்ற வந்த பெண்கள் மூலையில் குசுகுசுத்தார்கள். விஸ்தி கத்தவில்லை. வண்டியில் ஏறி, தானே ஒவ்வொரு மெத்தையாக எடுத்து, அழுக்குப் படாமல் பரணில் கொண்டு போய் வைத்தான். செம்புக் கெட்டிலை வைக்கும்போது சட்டைக் கையால் ஒரு தடவை துடைத்து வைத்தான். பிறகு கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நான் போறேன், டோர்த்தியா."

"நவம்பர்ல" என்றாள் அவள்.

அவன் குறுக்குவழியாகப் போயிருக்கலாம். போயிருந்தால் பாதி அவமானத்தோடு போயிருக்கும். ஆனால் குதிரைகளை ஆலைக்காரரிடம் விட வேண்டும், ஆலை அந்த நீளச் சாலையில்தான் இருந்தது. அதனால் பச்சை இலை கட்டிய இரண்டு குதிரைகளோடு, வெறும் பலகை தடதடக்கும் வண்டியோடு, கொடி பறக்கும் ஒவ்வொரு வாசலையும் தாண்டிப் போனான். "பொண்ணு எங்கடா?" என்று ஒருவன் கேட்டான். வடக்குப் பண்ணை அம்மா வாசலில்தான் நின்றாள். அவளுக்கே சிரிப்பு வரவில்லையாம். விஸ்தி ஒவ்வொரு வாசலிலும் வழக்கப்படி தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொண்டே போனான். கொடிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

மறுநாள் சாயங்காலம் காற்று அடங்கியது. கடிகாரமும் வந்துவிட்டது.

அந்தக் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். நல்ல கடிகாரம், அதைச் சொல்ல வேண்டும். ரோஜாப்பூ வரைந்த முகப்பு. அது என்ன பாவம் செய்தது?

ஸ்டீனா மறுநாளே சொல்லிவிட்டாள். "என் அண்ணனை வெறும் வண்டியோட ஊர் சுத்த விட்டியே, அந்தப் பரண்ல உன் சாமான் இனி இருக்கக் கூடாது. எடுத்துட்டுப் போ." அண்ணி என்று அழைத்தவள் அதன்பிறகு பெயர்கூடச் சொல்லவில்லை. டோர்த்தியா தேவாலயத்துக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு சின்ன வீடு பிடித்து எல்லாவற்றையும் இறக்கினாள். பண்ணை வேலையை விட்டுவிட்டு நெசவில் உட்கார்ந்தாள்.

அந்தக் கோடை முழுவதும் விஸ்தி வரவில்லை. அவளும் போகவில்லை. ஆனால் ராத்திரியில் அவன் கெட்டிலைத் துடைத்து வைத்த விதம் கண் முன்னால் வந்து வந்து நின்றது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம், துடைத்து வைத்தவனோடு எப்படிச் சண்டை போடுவது? செப்டம்பர் கழிவதற்குள் அவளுக்கு வண்டியும் வேண்டாம், வடக்குப் பண்ணை வாசலும் வேண்டாம், எதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது. அவன் மட்டும் வந்து ஒரு தடவை கேட்டால் போதும்.

நவம்பர் முதல் தேதி விடிவதற்கு முன்பே எழுந்து, தலையில் சால்வை கட்டி, ஒரு மாற்றுத் துணியை மட்டும் மூட்டையாக முடிந்துகொண்டு வாசலில் நின்றாள். வண்டியோடு வந்தால் வண்டியில் ஏறுவாள். நடந்து வந்தால் நடந்தே போவாள். உள்ளே அத்தனை செம்பும் வெள்ளீயமும் கிடக்க, அவள் எதையும் தொடவில்லை.

பத்து மணிக்கும் அவன் வரவில்லை. அவளே புறப்பட்டாள்.

சாலை நிறைய ஆட்கள். மாறுநாள் அல்லவா? எல்லாப் பண்ணைகளிலிருந்தும் வேலைக்காரப் பெண்கள் சால்வையும் மூட்டையுமாகப் புது எஜமானர்களைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். டோர்த்தியாவும் அவர்களோடு ஒருத்தியாக நடந்தாள். தரிசுமேட்டுக்குத் திரும்பும் இடத்தில், முகமெல்லாம் செம்புள்ளியாக ஒரு சின்னப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, நீங்க எந்தப் பண்ணைக்கு வேலைக்குப் போறீங்க?"

அவ்வளவுதான். அந்தப் பெண் மேல் தப்பே இல்லை. எங்களிடம் மணப்பெண் அழைத்துவரப்பட வேண்டியவள். மாறுநாளில் மூட்டையோடு தானாக ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பவள் வேலை கேட்டு வந்தவள். டோர்த்தியாவுக்குச் சட்டென்று ஒற்றைச் சக்கர வண்டியும் அம்மாவின் சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. மேட்டுக்கு மேலே விஸ்தியின் வீட்டுப் புகை தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிஷ நடை.

"எந்தப் பண்ணைக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த மே மாதம் விஸ்தியின் வீட்டுக்கு ஒருத்தி நடந்தே வந்தாள். பெயர் பொலெட்டா. அக்கரையிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவள். புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள், இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஓர் இரும்புச் சட்டி. சட்டியின் ஒரு காது உடைந்திருந்தது. அறுப்புக்கு முன்னால் ஓலை வாசித்தார்கள். வண்டியும் இல்லை, கொடியும் இல்லை. கோவிலிலிருந்து இருவரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள், பிள்ளை விஸ்தியின் தோளில்.

டோர்த்தியா அன்று தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பொலெட்டாவை வெறுக்க அவள் மிகவும் முயற்சி செய்தாள். அந்தப் பெண் அதற்கு இடம் கொடுத்தால்தானே! விஸ்திக்குப் பிறந்த முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றதும் நேராக டோர்த்தியாவின் கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றாள். கன்னமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

"அக்கா, உங்ககிட்ட ஒரு பெரிய செம்புக் கெட்டில் இருக்காமே? காப்பிக்கு வேணும். எங்ககிட்ட இருக்கிறதுல ஊத்தினா பாதி ஊருக்குத்தான் வரும்."

"என்கிட்ட இருக்குன்னு யார் சொன்னது?"

"அவர்தான். அதை அடுப்புல வச்சா சூரியன் மாதிரி இருக்கும்னு சொன்னார்."

டோர்த்தியா கெட்டிலை எடுத்து வந்தாள். கொடுக்கும்போது, "நசுக்கிடாதே" என்றாள், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

பொலெட்டா கண்ணை அகல விரித்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "யப்பா! எங்க வீட்டுல இருக்க வேண்டிய போஸ்காப் பூராவும் உங்க வீட்டுலதான் இருக்கு போல."

வெகுளி. குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு குத்தை டோர்த்தியா அதற்கு முன்னும் பின்னும் வாங்கியதில்லை. கதவைச் சாத்திவிட்டு, செம்புக் கெட்டில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கெட்டில் ஒரு பக்கம் நசுங்கித்தான் திரும்பி வந்தது. உள்ளே ஒரு துணியில் சுற்றிய முட்டைகள். டோர்த்தியா அந்த நசுங்கலைத் தட்டி எடுக்கக் கொடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க வர ஆரம்பித்தது. கல்யாணத்துக்குத் தட்டுகள், இழவுக்கு மேஜைவிரிப்பு, பிரசவத்துக்கு மெத்தை. டோர்த்தியா என்றுகூடச் சொல்லாமல், "போஸ்காப் அக்கா வீட்டுல கேளு" என்றார்கள். சாமான் எதுவும் அந்த வீட்டில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. ஊரே அவள் தட்டில் சாப்பிட்டது. அவள் மட்டும் ஓர் எனாமல் கிண்ணத்தில் கறுத்த ரை ரொட்டியை மோரில் நனைத்துத் தனியாகச் சாப்பிட்டாள். கேட்டு வந்தவர்கள் யாருக்கும் அவள் இல்லை என்று சொன்னதில்லை. கோபன்ஹேகன்காரர் ஒருவருக்குத்தான் கதவைச் சாத்தினாள். அவர் சாமானைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். அர்த்தத்தை அல்லவா கேட்டார்!

அவர் வந்துபோன வருஷம்தான் விஸ்தி படுத்தான். டோர்த்தியாவின் அப்பாவுக்கு வந்த அதே நெஞ்சுச் சளி மாதிரிதான், முதுமையில் வந்தது. ஒரு நாள் மத்தியானம் பொலெட்டா வந்து நின்றாள். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை.

"அக்கா, அவர் உங்களைப் பாக்கணும்னு சொல்றார். கொஞ்சம் வர்றீங்களா?"

டோர்த்தியா அந்த வீட்டுக்குள் அதற்கு முன் காலெடுத்து வைத்ததே இல்லை. தாழ்ந்த கூரை, தரையெல்லாம் பேரப்பிள்ளைகளின் மரச்செருப்பு, ஒன்றுக்கொன்று ஒட்டாத கோப்பைகள், மூன்று காலில் நிற்கும் நாற்காலி, கரியடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம். நிற்க இடமில்லை. ஜன்னலோரக் கட்டிலில் விஸ்தி சாய்ந்திருந்தான். பல்வரிசையில் பாதியைக் காணோம்.

"வந்துட்டியா? உக்காரு. அந்த நாற்காலில உக்காராதே, விழுந்துடுவே."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பொலெட்டா அடுப்படிக்குப் போனாள். கதவு திறந்தேதான் இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றான் விஸ்தி. பேச்சுக்கு நடுவில் மூச்சு முட்டியது. "ரொம்ப நாளா மனசுல கெடக்கு. அந்த நவம்பர் இருக்கில்ல, நீ சொன்ன நவம்பர். நான் வண்டி கேட்டு ஆலைக்காரர்கிட்டப் போனேன். மறுபடியும் வெறுமனே ஓட்டிட்டு வர்றதுக்கான்னு சிரிச்சார். வேற ரெண்டு எடத்துலயும் கேட்டேன். யாரும் குடுக்கல."

அவள் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"நடந்து போயாவது உன்னைக் கூப்பிடலாமான்னு யோசிச்சேன். காலையில மூஞ்சி கழுவி, சட்டை மாத்தி, வாசல் வரைக்கும் வந்துட்டேன். வெறுங்கையோட வந்து உன் முன்னாடி எப்படி நிக்கிறதுன்னு வெக்கமாப் போச்சு. அவ்வளவு சேத்து வச்சிருக்கிறவளை நடந்து வான்னு எப்படிக் கூப்பிடறது?" இருமினான். "அதான் கேக்கறேன். நான் வந்து கூப்பிட்டிருந்தா நீ நடந்து வந்திருப்பியா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

டோர்த்தியாவுக்கு அந்தக் காலை முழுவதும் அப்படியே இருந்தது, சால்வை முடிச்சு கழுத்தில் உறுத்தியது வரை. சொல்வதற்கு ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்வதற்குத்தான் அவள் இத்தனை வருஷமாக உயிரோடு இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அவள் விஸ்தியின் முகத்தைப் பார்த்தாள். அதற்கு அப்பால் அசையாமல் நிற்கும் பொலெட்டாவின் முதுகைப் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

"வந்திருக்க மாட்டியா?"

"நானாவது, நடந்து வர்றதாவது! என்னைப் பத்தி என்ன நெனைச்சே? வண்டி நெறையாம நான் வாசப்படி தாண்டியிருக்க மாட்டேன். நீ வந்து கூப்பிட்டிருந்தா நல்லா வாங்கிக் கட்டிட்டுத்தான் போயிருப்பே."

விஸ்தி அவளையே பார்த்தான். பிறகு அவன் முகம் மெதுவாக இளகியது. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி தலையணையில் சாய்ந்து சிரித்தான்.

"அப்பாடா! நான்தான் கெடுத்துட்டேனோன்னு இத்தனை வருஷமா... பொலெட்டா! கேட்டியா? வந்திருக்க மாட்டாளாம். நான் அப்பவே சொல்லல? காப்பி போடு, எனக்கும் ஒரு வாய் குடு."

"கேட்டேன், கேட்டேன்" என்றாள் பொலெட்டா உள்ளிருந்து. கரண்டி மறுபடி அசையத் தொடங்கியது.

அவள் கோப்பையோடு வருவதற்குள் டோர்த்தியா எழுந்து சால்வையைக் கட்டிக்கொண்டாள். பொலெட்டா வாசல் வரைக்கும் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்கக்கா."

"இருக்கட்டும். வீட்டுல வேலை கெடக்கு."

"நீங்க சொன்னது..." பொலெட்டா முடிக்கவில்லை.

"உள்ளதைத்தான் சொன்னேன். போ, அவனைப் பாரு."

வீட்டில் ஒரு வேலையும் இல்லை. தரிசுமேட்டுப் பாதையில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு வரும்வரை அவள் வேகமாக நடந்தாள். பிறகு நின்று, அந்த வீட்டுப் பக்கம் திரும்பி, "வந்திருப்பேன்டா விஸ்தி, வெறுங்காலோட வந்திருப்பேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க யாரும் இல்லை என்பதால் இன்னொரு தடவையும் சொன்னாள்.